ஆலைப் பொறிகளின் நாடி

நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கும் மருத்துவரைத் தமிழர் நன்கறிவர். பொறிகளுக்கும் அவ்வாறு நாடி பார்ப்போர் உண்டு. நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையை ஓடும் பொறியின் பேரிங் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதோடு அழுத்திக் கேட்பது ஆலைத் தொழிலாளர் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த முறை. ஓசை சீராக இருந்தால் நலம். கரகரத்தால் உள்ளே குண்டு தேய்ந்துவிட்டது என்பது பொருள். இன்று அவ்விடத்தில் கட்டைவிரல் அளவே உள்ள உணரி ஒன்று பொருத்தப்படுகிறது. அது அதிர்வையும் வெப்பத்தையும் அளந்து, கம்பி வழியாகவோ வானலை வழியாகவோ தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்புகிறது. காதிலிருந்து கணினிக்கு வந்த இந்தப் பயணத்தில், கண்டறிந்த அளவு யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே ஆராயத்தக்கது.

பொறியை அளத்தல் இக்காலப் புதுமை அன்று. நீராவிப் பொறியைச் செப்பனிட்ட ஜேம்ஸ் வாட், அதன் உருளைக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதைக் காட்டும் கருவி ஒன்றை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்தார். அவருடைய உதவியாளர் ஜான் சதர்ன் 1796-இல் அதனைப் பென்சில் கொண்டு தாளில் தானே கோடு வரையுமாறு செய்தார். வாட்டின் நிறுவனம் அக்கருவியைப் பல ஆண்டுகள் வெளியார் அறியாமல் மறைத்து வைத்தது! 1849-இல் பிரான்சு நாட்டு யூஜீன் பூர்தோன் வளைந்த குழாயால் இயங்கும் அழுத்தமானிக்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரும், முள் நகரும். கொதிகலனுக்கு முன் நிற்பவர் எவரும் அந்த முள்ளைக் காணலாயிற்று.

மலாயாவில் செம்பனை வாணிப நோக்கில் முதன்முதல் 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் நடப்பட்டது. தோட்டத்தின் பெயரிலேயே நம் தென்னைமரம் நிற்பதைக் காண்க. ஜொகூரில் பெல்டா நிறுவனம் 1961-இல் கூலாய் அருகே தாயிப் அண்டாக் திட்டத்தில் செம்பனை பயிரிடத் தொடங்கியது. நாளடைவில் குளுவாங், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களில் ஆலைகள் பெருகின.

செம்பனைப் பழம் பொறுத்திருக்காது. பறித்த பின் ஏறத்தாழ ஒரு நாளைக்குள் அவிந்தாக வேண்டும். தவறினால் பழத்திலுள்ள நொதி எண்ணெயைச் சிதைத்துப் புளிப்பேற்றிவிடும். குலைகளை அவிக்கும் நீண்ட உருளைக் கலத்தை ஆலைக்காரர் ஸ்டெரிலைசர் என்பர். அதனுள் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 40 ராத்தல் அழுத்தத்தில் நீராவி பாய்கிறது. அவிந்த பழம் உதிர்ந்து, மசிந்து, திருகு செக்கில் பிழியப்படுகிறது. இவை யாவும் ஒரே தொடர். செக்கின் பேரிங் ஒன்று சிக்கினால் பின்னால் லாரி லாரியாகப் பழம் காத்துக் கிடந்து கெடும். அதனினும் கொடியது ஸ்டெரிலைசரின் கதவு. உள்ளே அழுத்தம் எஞ்சியிருக்கையில் அதனைத் திறந்தவர் உயிரிழந்த விபத்துகள் உண்டு. அழுத்தம் முற்றும் இறங்கும்வரை கதவைப் பூட்டியே வைக்கும் உணரி, எண்ணெயைக் காப்பதினும் ஆளைக் காப்பதால் சிறந்தது.

கொதிகலன்களைத் தகுதிச் சான்று பெற்றவரே நடத்தவேண்டும் என்று 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் விதித்தது. அச்சட்டம் 2024 ஜூன் 1-இல் நீக்கப்பட்டு, தொழிலிடப் பாதுகாப்பு 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்தது. மணிக்கு மணி முள்ளைப் பார்த்துப் பதிவேட்டில் குறிப்பது கொதிகலன்காரரின் கடமை. மாலையில் எட்டு மணி நேரத்துக்கும் ஒரே மூச்சில் எண்களை நிரப்பிவிடுவாரும் இல்லாமற் போகவில்லை.

அழுத்தினால் மின்னேற்றம் தரும் படிகங்களின் இயல்பைக் கியூரி உடன்பிறப்பினர் 1880-இல் கண்டனர். அதிர்வு உணரிகள் பலவற்றுக்கு அதுவே அடிப்படை. ஆலைக் கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறும் மோட்பஸ் என்னும் முறை 1979-இல் வெளிவந்தது. மலேசிய அரசு 2018 அக்டோபரில் நான்காம் தொழிற்புரட்சிக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டு, சிறு ஆலைகளையும் இவ்வழியில் வருமாறு அழைத்தது.

ஆயினும் மாற்றத்தின் முழுப் பொருளையும் புகைபோக்கியில்தான் காணவேண்டும். 2014-ஆம் ஆண்டின் தூய காற்று விதிமுறைகள், குறிப்பிட்ட வகைப் புகைபோக்கிகளில் இடைவிடாது புகையை அளக்கும் கருவியைக் கட்டாயமாக்கின. அவ்வளவுகள் சுற்றுச்சூழல் துறைக்கே நேரே செல்கின்றன. வாட் தம் போட்டியாளருக்கு ஒளித்ததை, இன்று ஆலை தன்னைக் கண்காணிப்பவருக்குக் கணந்தோறும் காட்டவேண்டியிருக்கிறது.

தோட்டத் தமிழருக்கு இந்த வேறுபாடு புதிதன்று. ரப்பர்ப் பாலில் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை இட்டு, அதிலுள்ள காய்ந்த ரப்பரை மதிப்பிட்ட காலத்தில், கருவியைப் படித்தவர் கிராணி; கூலியை அவ்வளவால் பெற்றவர் பால்வெட்டுத் தொழிலாளி. அளவு மெய்யாகவே இருந்தாலும் அதனைத் தாமே படிக்க இயலாதவர் மனத்தில் ஐயம் எழுந்தது இயல்பே.

உணரிக்கும் ஒரு குறை உண்டு. செக்கில் பழம் மிகுதியாக விழுந்தாலும் அதிர்வு ஏறும்; பேரிங் தேய்ந்தாலும் ஏறும். எந்த அளவுக்கு மேல் எச்சரிக்கை மணி அடிக்கவேண்டும் என்று வரம்பு குறிக்கும் பொறியாளர், அந்தச் செக்கைப் பல்லாண்டு ஓட்டியவரை அழைத்து, "எப்போது இது இப்படிச் சத்தம் போடும்?" என்று கேட்டறிந்தே எண்ணை எழுதுவது நலம்.