ஸ்ரீவைகுண்டம் மதகும் புன்னைக்காயல் கழிமுகமும்: ஆழமற்ற நீரில் வளிப் பரிமாற்றம்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. மேலேயுள்ள ஏழும் பழையவை. இதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயர் கட்டினர். இதைத் தாண்டி ஆழ்வார்திருநகரி, ஆத்தூர், முக்காணி வழியாகப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்வதை ஆறு என்றே சொல்கிறோம். வெள்ளக் காலம் நீங்கலாக, அது வாய்க்கால்களுக்குப் போக மிஞ்சிய நீர்தான். அந்தக் கழிமுகத்தில் நீருக்கும் காற்றுக்கும் இடையே எவ்வளவு கரியமில வாயு கைமாறுகிறது என்பதைக் காற்றின் வேகத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் விடை பிழையாகும். மதகு திறக்கும் கணக்கும் அதில் சேர வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வாயு எந்தப் பக்கம் நகரும் என்பதை நீரிலும் காற்றிலும் அதற்குள்ள பகுதி அழுத்தங்களின் வேறுபாடு முடிவு செய்கிறது. எவ்வளவு விரைவாக என்பதை நீர்ப்பரப்பின் கலக்கம் முடிவு செய்கிறது. நம் வெயிலே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் கடல்நீர் 20 பாகை செல்சியஸிலிருந்து 30 பாகைக்குச் சூடேறும்போது கரியமில வாயுவின் கரைதிறன் ஏறக்குறைய கால்பங்கு குறைகிறது. மூலக்கூறுகளின் விரவல் கூடுவதால் பரிமாற்ற வேகம் ஏறக்குறைய கால்பங்குக்குச் சற்று மேலாகவே உயர்கிறது. அழுத்த வேறுபாடு மாறாதிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

பரவலாகக் கையாளப்படுவது ரிக் வானின்காஃப் 1992இல் முன்வைத்து 2014இல் திருத்திய சூத்திரம். அதன்படி பரிமாற்ற வேகம் காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அணுகுண்டுச் சோதனைகளால் பெருகிய கதிரியக்கக் கார்பனை உலகப் பெருங்கடல்கள் எவ்வளவு உள்வாங்கின என்பதே அதற்கு அடிப்படை. ஆகவே அது பெருங்கடலின் சராசரி. இடுப்பளவு நீர் ஓடும் ஆற்றுவாயில் தரையின் உராய்வும் நீரைக் கலக்குகிறது. அந்தக் கலக்கம் மேற்பரப்பு வரை எட்டுகிறது. ஓகானரும் டாபின்ஸும் 1958இல் ஆறுகளுக்குத் தந்த சூத்திரத்தில் காற்றே இல்லை. நீரோட்ட வேகமும் ஆழமும்தான் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்போம். நொடிக்கு 4 மீட்டர் காற்றுக்கு வானின்காஃப் கணக்கில் பரிமாற்ற வேகம் மணிக்கு ஏறக்குறைய 4 செ.மீ. ஒரு மீட்டர் ஆழத்தில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் நீருக்கு, காற்றே வீசாவிட்டாலும், ஏறக்குறைய 11 செ.மீ. ஓட்டம் பத்தில் ஒரு பங்காகத் தளர்ந்தால் அது மூன்றரையாகச் சரியும்.

ஐரோப்பாவின் ஷெல்ட் போன்ற கழிமுகங்களில் அந்த ஓட்டத்தைப் பெரிய ஓதங்கள் நாள்தோறும் தருகின்றன. தூத்துக்குடிக் கரையில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இங்கே நீருக்கு வேகம் கொடுப்பது பெரும்பாலும் ஆறு. ஆற்றுக்குக் கொடுப்பது மதகு.

அழுத்த வேறுபாட்டையும் ஆற்றுவரத்து எந்த அளவு மாற்றும் என்பதற்குக் கோதாவரி சான்று. தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் வி.வி.எஸ்.எஸ். சர்மாவும் குழுவினரும் கௌதமி கோதாவரிக் கழிமுகத்தைப் பதினெட்டு மாதம் தொடர்ந்து அளந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். வறண்ட காலத்தில் கரியமில வாயுவின் பகுதி அழுத்தம் 500 மைக்ரோ வளிமண்டல அலகுக்குக் கீழே இருந்தது. வெள்ளத்தின் உச்சத்தில் ஏறக்குறைய 30,000. அப்போது காற்றுமண்டலத்தில் இருந்தது 390 அளவுதான். வெள்ளம் அடித்துவந்த கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைத்ததே காரணம். அந்தக் கழிமுகத்துக்கும் மேலே தௌலேஸ்வரம் அணை இருக்கிறது.

தாமிரபரணியைக் கோதாவரியோடு அளவில் ஒப்பிட முடியாது. 30,000 என்ற எண்ணை இங்கே பெயர்த்து நடவும் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது பருவ முறையை. ஆனி, ஆடியில் கணவாய்கள் வழியே கச்சான் காற்று மூர்க்கமாக வீசும். காற்று இருமடங்கானால் பரிமாற்ற வேகம் நான்கு மடங்கு. ஆனால் அந்த மாதங்களில் பாபநாசம் அணையிலிருந்து வரும் நீர் கார் சாகுபடிக்குப் போகிறது. கழிமுகத்தில் நிற்பது பெரும்பாலும் உப்புநீர். ஐப்பசி முதல் மார்கழி வரை, பிசான சாகுபடிக்கும் போக மிஞ்சி, கரிமம் சுமந்த நீர் அணைக்கட்டின் மணற்போக்கிகளைத் தாண்டி இறங்குகிறது. ஆண்டுச் சராசரிக் காற்றை ஆண்டுச் சராசரி அழுத்த வேறுபாட்டோடு பெருக்கினால், ஒரே நாளில் சேர்ந்து வராத இரண்டைச் சேர்த்துவைத்தவர்களாவோம். மாதம் ஒருமுறை நீர் எடுப்பதும் போதாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டி ஆறு கரைபுரண்டது. அத்தகைய இரண்டு மூன்று நாட்கள் மாதிரி எடுக்கும் தேதிக்குக் காத்திருப்பதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவானதும்கூட. அணைக்கட்டின் மேல் வழிந்து விழும் நீர் நுரைத்துச் சிதறும்போதே மிகையான கரியமில வாயுவைக் காற்றுக்கு விட்டு, ஆக்சிஜனை ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் ஆழ்வார்திருநகரிக்கு வரும்போதே பாதி வேலை முடிந்திருக்காதா? கரைந்து வந்த வாயுவைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் சிதையாத கரிமப் பொருள் நீரோடு போய்க் கழிமுகத்தில் மறுபடி வாயுவாகும். மீத்தேன் இன்னும் சிக்கலானது. மதகு மூடி உப்பேறிய சேற்றில், கடல்நீரின் சல்பேட்டைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள் மீத்தேன் ஆக்கிகளுக்கு உணவை விட்டுவைப்பதில்லை. நன்னீர் வந்து உப்பு தணிந்தால் அந்தத் தடை தளரும். ஆழமற்ற நீரில் மீத்தேன் குமிழ்கள் கரைவதற்குள் மேலே வந்துவிடும். இந்த ஆற்றில் எது மேலோங்குகிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

அளவீடு மூன்று இடங்களில் வேண்டும்: அணைக்கட்டுக்கு மேலே, ஆழ்வார்திருநகரியில், புன்னைக்காயல் முகத்துவாரத்தில். முதல் இரண்டின் வித்தியாசம் அணைக்கட்டில் வெளியேறியதைக் காட்டும். அதைக் கழிக்காவிட்டால் ஆற்றில் பறந்த வாயு கடலின் கணக்கில் ஏறிவிடும். இதோடு நீர்வளத் துறையின் நீர்த்திறப்புப் பதிவேட்டையும் வைத்துப் படித்தால், அளக்காத நாட்களின் ஓட்டத்தை ஓரளவு மதிப்பிடலாம்.