பொதுக் கணக்கில் இருப்பது யார் பணம்? 1998 லாட்டரிச் சட்டத்தின் 4(ஈ) உட்பிரிவும் கர்நாடக வழக்கும்

லாட்டரிச் சீட்டு விற்ற பணம் மக்கள் நலப்பணிகளுக்கென ஒதுக்கப்பட்டது, அந்த ஒதுக்கீட்டுக்குச் சட்டத்திலேயே காவல் உண்டு என்று கருதும் ஒரு வாசிப்பு நிதியியல் எழுத்துகளில் புழங்கிவருகிறது. 1998ஆம் ஆண்டின் லாட்டரிகள் (ஒழுங்குமுறை) சட்டத்தின் 4(ஈ) உட்பிரிவே அதன் முதன்மைச் சான்று. சீட்டு விற்பனைத் தொகையை மாநிலத்தின் பொதுக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்கிறது அது. அரசின் சொந்த வரவு சேரும் தொகுப்பு நிதியத்தைச் சொல்லவில்லை. வருங்கால வைப்பு நிதி, வைப்புத்தொகைகள் முதலிய பிறர் பணத்தை அரசு வைத்திருக்கும் இடம் பொதுக் கணக்கு. ஆகவே லாட்டரிப் பணமும் அறக்கட்டளைப் பணம் போன்றது, அதன் பயனாளி பொதுமக்கள் என்று வாதம் முடிகிறது. வாதத்தின் முற்பாதியை ஏற்கிறேன். பிற்பாதி பிழை.

4ஆம் பிரிவை முழுமையாகப் படித்தால் அதன் போக்கு தெளிவு. சீட்டை அரசே அச்சிட்டுத் தன் முத்திரையை இட வேண்டும். ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு கூடாது. குலுக்கலை அரசே, தன் எல்லைக்குள்ளேயே நடத்த வேண்டும். பம்பர் குலுக்கல் ஆண்டுக்கு ஆறுக்கு மேல் கூடாது. எல்லாமே சீட்டு நடத்துபவர்மீது போட்ட கட்டுகள். அரசின் பெயரை வாடகைக்கு எடுத்துக் குலுக்கலையும் கல்லாவையும் தங்கள் கையில் வைத்திருந்த விநியோகஸ்தர்களே இப்பிரிவின் இலக்கு. பணம் வரும் வழியைச் சட்டம் அடி அடியாக வரையறுக்கிறது. அது போகும் வழிபற்றி ஓர் உட்பிரிவும் இல்லை.

அப்படியானால் பொதுக் கணக்கு எதற்கு? இங்குதான் முந்தைய வாசிப்பு ஒரு படி தவறவிடுகிறது. 4(ஈ) பேசுவது லாபத்தைப் பற்றியல்ல, மொத்த விற்பனைத் தொகையைப் பற்றி. அதிலிருந்து பரிசு கொடுக்க வேண்டும், கமிஷன் கொடுக்க வேண்டும், அச்சுச் செலவு கழிய வேண்டும். குலுக்கலுக்கு முன் வசூலாகும் பணத்தின் ஒரு பெரும்பகுதி இன்னும் யாரென்று தெரியாத ஒரு வெற்றியாளருக்குச் சேர வேண்டியது. பிறர் பணம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிறர் பரிசு பெறப்போகிறவர். பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ அல்ல.

இதற்குச் சான்று தேடி வெளியே போக வேண்டியதில்லை. இரண்டு எழுத்து தள்ளி 4(ஊ) இருக்கிறது. குறித்த காலத்துக்குள் கோரப்படாத பரிசுத்தொகை அரசின் சொத்தாகும் என்கிறது அது. அதுவரை அது அரசின் சொத்தல்ல என்பது இதிலிருந்தே பெறப்படும். நலப்பணிகளே பயனாளி என்று சட்டம் கருதியிருந்தால், உரியவர் வராத பணத்தை அப்பணிகளுக்குத் திருப்பும் இயல்பான இடம் இதுதான். பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய லாட்டரிக்கெனத் தனிப் பகிர்வு நிதியத்தை உருவாக்கியது. அங்கே கோரப்படாத பரிசும் நற்பணிகளுக்கே போகிறது. நம் சட்டம் அந்த வாய்ப்பைக் கண்முன் வைத்துக்கொண்டே கடந்துபோனது. 2010ஆம் ஆண்டு விதிகளோ விற்பனைத் தொகையைப் பொதுக் கணக்கிலோ தொகுப்பு நிதியத்திலோ செலுத்தலாம் என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டன. விதியால் தாய்ச்சட்டத்தைத் திருத்த முடியாது என்பது சரி. ஆனாலும் 4(ஈ)இல் ஓர் அறக்கட்டளை ஒளிந்திருப்பதாக விதி வகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை என்பதை அது காட்டுகிறது.

பெங்களூரில் தொடங்கிய வழக்கு இதை வேறொரு பக்கத்திலிருந்து உறுதிசெய்கிறது. பிற மாநிலச் சீட்டுகள்மீது கர்நாடகம் 2004இல் ஒரு வரிச் சட்டம் இயற்றியது. மேகாலயம், சிக்கிம் முதலிய மாநிலங்கள் எதிர்த்தன. கர்நாடக உயர் நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாததாக்கி, வசூலித்ததைத் திருப்பித் தரச் சொன்னது. 2022 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. லாட்டரி சூதாட்டத்தின் ஒரு வகை, எனவே மாநிலப் பட்டியலின் 62ஆம் இனத்தின்கீழ் அதற்கு வரி விதிக்கலாம் என்பது தீர்ப்பு. அரசு நடத்துவதால் லாட்டரியின் சூதாட்டத் தன்மை போய்விடுவதில்லை என்று பி.ஆர். எண்டர்பிரைசஸ் வழக்கில் 1999இலேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேகாலயத்தின் கஜானாவுக்குப் போகும் பணம் ஏற்கெனவே ஒரு நலப்பணியின் சொத்து என்றிருந்தால், அதில் கைவைக்கக் கர்நாடகத்துக்கு இவ்வளவு எளிதில் வழி கிடைத்திருக்காது. வழக்கு இதை நேரடியாக முடிவுசெய்யவில்லை என்று கூறுவார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கர்நாடகச் சட்டத்தின் எல்லா ஓட்டைகளையும் தேடிய மாநிலங்கள், இவ்வளவு வலுவான ஒரு கவசம் 4(ஈ)இல் இருந்திருந்தால் அதை விட்டுவைத்திருக்குமா?

2007இல் கர்நாடகம் லாட்டரியையே நிறுத்தியது. அதே ஆண்டில் சாராயத்துக்கும் தடை வந்தது. தடையோடு சேர்த்துக் கலைக்க வேண்டிய அறநிதி எதையும் மத்தியச் சட்டம் உருவாக்கியிருக்கவில்லை. மாநிலச் சீட்டுகளை விற்றுவந்த எம்.எஸ்.ஐ.எல். நிறுவனம் பின்னர் மதுக்கடைகளைத் திறந்தது; கஜானாவின் கண்ணில் இரண்டும் ஒரே இனத்து வரவுதான்.

காருண்யா லாட்டரியைக் காட்டி மறுக்கலாம். கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது 2011இல் கேரளம் தொடங்கிய அந்தச் சீட்டின் வருவாயிலிருந்து புற்றுநோய், சிறுநீரக, இதய நோயாளிகளுக்குச் சிகிச்சை உதவி கிடைத்தது. அதைக் குறைத்துப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்தப் பிணைப்பைத் தந்தது மாநில அரசின் கொள்கை முடிவே தவிர 4(ஈ) அல்ல. அதனால்தான் சில ஆண்டுகளில் அத்திட்டத்தை வரித் துறையிடமிருந்து சுகாதாரத் துறைப் பக்கம் மாற்றி, காப்பீட்டுத் திட்டத்தோடு சேர்க்க முடிந்தது. காருண்யா என் வாதத்துக்கு விலக்கல்ல, சான்று.

கேரளச் சீட்டுகளுக்கு மாநில எல்லைக்கு அப்பாலிருந்தும் பணம் வருகிறது. கேரளத்தின் 2024ஆம் ஆண்டுத் திருவோண பம்பர் குலுக்கலின் 25 கோடி முதல் பரிசு ஒரு கர்நாடகக்காரருக்கு விழுந்தது. முந்தைய ஆண்டில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு. சீட்டின் விலை 500 ரூபாய். அன்றைய 28 விழுக்காடு ஜிஎஸ்டி விலைக்குள்ளேயே அடக்கம் என்பதால், வரி மட்டும் ஏறத்தாழ 109 ரூபாய். அதில் பாதி டெல்லிக்கு. வயநாட்டுக்குப் போய்ச் சீட்டு வாங்கும் மைசூர்க்காரரின் பணத்தில் எந்த ரூபாய் எந்த நோயாளிக்குப் போயிற்று என்று சொல்ல இந்தக் கணக்கில் இடமில்லை. பணத்துக்கு நிறம் ஏது, கஜானாவில் கலந்தால் எல்லாம் ஒன்றுதானே என்பது பொருளியலாளரின் வழக்கமான பதில். அப்படியென்றால் நற்பணி என்று விளம்பரப்படுத்துவதை முதலில் விட்டுவிட வேண்டும். 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று சொல்லித்தான் 1968இல் தமிழ்நாட்டில் சீட்டு விற்றார்கள்.  

லாட்டரியை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று கர்நாடகத்தில் யாரேனும் நற்பணியின் பெயரால் கேட்டால், நாடாளுமன்றத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு மாநிலங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரம் தருகிறது. கோரப்படாத பரிசுத்தொகையையும் நிகர லாபத்தில் ஒரு பங்கையும் பெயர் குறித்த ஒரு நிதியத்தில் சேர்த்து, அதன் கணக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு விதி எழுத அது போதும்.