சொந்தக் காணியும் சுதந்திரமும்

உழுபவருக்கு நிலம் உரித்தாகாத விடத்து, அரசியல் உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். இவ்வுண்மைக்கு அமெரிக்கத் தென்மாநிலங்களின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

1865இல் உள்நாட்டுப் போர் முடியுந் தறுவாயில், விடுதலையுற்ற கறுப்பின மக்களுக்குக் கரையோர நிலங்களிற் குடும்பமொன்றுக்கு 40 ஏக்கர் வரை வழங்குமாறு தளபதி செர்மன் கட்டளையிட்டார். அவ்வாண்டிலேயே சனாதிபதி ஆன்ட்ரூ ஜோன்சன் அந்நிலங்களைப் பழைய உடைமையாளரிடம் மீள ஒப்படைக்கச் செய்தார். காணியற்ற மக்கள் முன்னைய எசமானரின் வயல்களிலேயே வாரத்துக்குப் பயிரிட்டனர். விதையும் உணவும் கடனாகவே வந்தன. அறுவடைக்குப் பின் மிஞ்சியதும் கடனே. எனினும், அயரா உழைப்பினாற் காணி வாங்கினோரும் பலர். 1920இல் ஏறத்தாழ 925,000 கறுப்பினக் கமக்காரர் அந்நாட்டில் இருந்தனர். கடன் மறுக்கப்பட்டமையாலும், மரணசாதனமின்றி வழிவழி வந்த பங்குக் காணிகள் ஏலத்திற் போனமையாலும், பருத்தி பறிக்கும் இயந்திரங்கள் பெருகியமையாலும், அந்நூற்றாண்டின் இறுதியில் அத்தொகை 20,000க்கும் குறைந்தது.

பசி ஓர் ஆயுதமாகவும் கையாளப்பட்டது. மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய முன்வந்தபோது, 1962இல் லெபுளோர் மாவட்ட அதிகாரிகள் ஏழைகளுக்கான அரசாங்க உணவு விநியோகத்தையே நிறுத்தினர். அவ்வாண்டிலேயே ஃபானி லூ ஹேமர் என்னும் பெண்மணியும் பதிவு செய்ய முயன்றார். வாரக்குடியானவர் ஒருவரின் இருபது பிள்ளைகளில் இளையவர் அவர். அம்முயற்சிக்காக, பல்லாண்டு உழைத்த தோட்டத்தை விட்டு அன்றே வெளியேற்றப்பட்டார்.

உண்ணும் உணவுக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பவர் அச்சமின்றி வாக்களித்தல் அரிது என்பதை அவர் நன்குணர்ந்தார். ஆகவே, 1969இல் சன்பிளவர் மாவட்டத்தில் 40 ஏக்கர் காணியில் 'சுதந்திரப் பண்ணை' என்னும் கூட்டுறவைத் தொடங்கினார். அங்கே அவரையும் கீரையும் விளைந்தன. 'பன்றி வங்கி' ஒன்றும் அமைந்தது. பெண் பன்றியைப் பெற்ற குடும்பம், அது ஈன்ற குட்டிகளிற் சிலவற்றை வங்கிக்குத் திருப்பியளிக்கும். அவை வேறு குடும்பங்களைச் சென்றடையும். இவ்வாறு, பெற்றவரே கொடுப்பவருமாயினர். பண்ணையும் 600 ஏக்கருக்கு மேல் விரிந்தது.

ஆயினும் வெள்ளமும் வரட்சியும் பணமுடையும் அதனை நலிவித்தன. 1970களின் நடுப்பகுதியிற் காணிகள் கைநழுவின. 1977இல் ஹேமரும் மறைந்தார். அரசாங்கக் கடன் வழங்கலிற் பாகுபாடு காட்டப்பட்டதென விவசாயத் திணைக்களத்தின்மீது கறுப்பினக் கமக்காரர் தொடுத்த வழக்கு, 1999இல் நட்டஈட்டு இணக்கத்தில் முடிந்தது. அதனாற் பணம் கிடைத்தது. இழந்த நிலமோ பெரும்பாலும் மீளவில்லை. சுதந்திரப் பண்ணை நிலைத்தது சில ஆண்டுகளே எனினும், தன் உணவைத் தானே விளைவிக்கும் ஊரை எளிதில் அடிபணியச் செய்ய இயலாது என்னும் பாடத்தை அது உலகுக்கு விட்டுச் சென்றது.