இருப்புப்பாதையும் இருப்புக் கணக்கும்: தென்சென்னைப் புறநகரில் வங்கி ஆவணங்களின் வரலாறு

தனிமனிதரின் வங்கிக் கணக்கைச் சுற்றிச் சேரும் தாள்கள், அதாவது பாஸ்புக், காசோலை, சலான், மாதிரிக் கையெழுத்து அட்டை, நியமனப் படிவம் போன்றவை, வங்கியும் வாடிக்கையாளரும் ஒருவரையொருவர் நேரில் அறியாத நிலையிலேயே பிறந்தவை. ஊரறிந்த லேவாதேவிக்காரரிடம் பணத்தைக் கொடுத்து வைத்தவருக்கு அவருடைய சொல்லும் அவர் கடைப் பேரேடும் போதுமான சான்றாக இருந்தன. பணம் ஓரிடத்திலும் அதற்கு உரியவர் வேறோரிடத்திலும் இருக்கத் தொடங்கியபோதுதான், சொல்லின் இடத்தைத் தாள் பிடித்துக்கொண்டது. தாம்பரமும் அதைச் சூழ்ந்த குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் முதலிய ஊர்களும் இந்த மாற்றத்தைப் படிப்பதற்கு ஏற்ற களமாகும். ஏனெனில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இவ்வூர்க் குடும்பங்களின் சம்பளம் பிறந்த இடமும், பணத்தைப் பேணிய பெரிய வங்கிகளின் தலைமையகங்களும் ரயில் பாதையின் வடமுனையில் இருந்தன. வீடுகளோ சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே, அதன் மறுமுனையை ஒட்டி இருந்தன.

வடமுனையின் வரலாறு பழையது. 1843-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் வங்கி, 1921-இல் கல்கத்தா, பம்பாய் மாகாண வங்கிகளோடு இணைந்து இம்பீரியல் வங்கியாகி, 1955 ஜூலை 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. இன்று ராஜாஜி சாலை எனப்படும் கடற்கரை முதல் வரிசைச் சாலையில் அதன் செந்நிறக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அக்கால வங்கியின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஏற்றுமதி வணிகர்களும் ஐரோப்பியக் கம்பெனிகளுமே. தென்முனையில் அப்போது இருந்தவை ஏரிகளும் வயல்களும் பல்லாவரத்துப் படைமுகாமும்தாம். 1912 வாக்கில் குரோம் லெதர் கம்பெனி இப்பகுதிக்கு வந்து குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததும், 1928-இல் மருத்துவர் சௌரி முத்து காசநோய் மருத்துவமனையை நிறுவியதும், 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியதும், 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரின் நெரிசலிலிருந்து தாம்பரத்துக்குப் பெயர்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்து, மாதச் சம்பளத்தை நம்பி வாழும் ஒரு வகுப்பை இருப்புப்பாதையோரம் குடியமர்த்தின.

இந்த வகுப்பினருக்கு எட்டிய முதல் வங்கி அஞ்சலகமே. சென்னையில் அரசுச் சேமிப்பு வங்கி 1834-இலேயே ஏற்பட்டிருந்தபோதும், அது தலைநகரத்தோடு நின்றது. 1882 ஏப்ரல் 1 அன்று அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கப்பட்ட பிறகுதான் சிற்றூர்களுக்கும் சேமிப்புக் கணக்கு வந்தது. சேமிப்புக் கணக்கு என்பது தனிநபர் தம் மிச்சத்தை வட்டியுடன் வைத்துக்கொள்வதற்கானது. வணிகர் நாள்தோறும் வரம்பின்றிப் போட்டு எடுக்கும் நடப்புக் கணக்குக்கு வட்டி கிடையாது. அஞ்சலகப் பாஸ்புக்கில் தேதி, வரவு, பற்று, இருப்பு என்று கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு முறை பணம் போடும்போதும் எடுக்கும்போதும் புத்தகத்தைக் கொடுத்து, எழுத்தர் எழுதிய வரியின் அருகே அஞ்சல் அதிகாரியின் கையொப்பத்தையும் தேதி முத்திரையையும் பெற வேண்டும். அலுவலகப் பேரேட்டைக் காணும் வாய்ப்பில்லாத வாடிக்கையாளரின் கையில் அப்பேரேட்டின் ஒரு பக்கத்தைக் கொடுத்து வைப்பதே அதன் நோக்கம்.

பாஸ்புக்கில் வட்டி வரவாகும் வரிக்குப் பின்னே ஒரு விதி மறைந்திருந்தது. மாதத்தின் 10-ஆம் தேதி அலுவல் முடிந்ததிலிருந்து கடைசி நாள் வரையுள்ள காலத்தில் கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்கே அம்மாத வட்டி கணக்கிடப்பட்டது. அதனால் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கி 12-ஆம் தேதி பணம் கட்டியவர் அத்தொகைக்கு அம்மாத வட்டியை இழந்தார், 10-ஆம் தேதிக்குள் கட்டிவிட்டு இருபதாம் தேதி எடுத்தவரும் எடுத்த தொகைக்கான வட்டியை இழந்தார். வணிக வங்கிகளில் இம்முறை 2010 ஏப்ரல் 1 முதல் ஒழிந்து, நாள்தோறும் உள்ள இருப்புக்கு வட்டி கணக்கிடும் முறை வந்தது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் பழைய விதியே தொடர்கிறது.

பாஸ்புக்கில் எழுதப்பட்ட இருப்பு, கையிலுள்ள பணம் அன்று, வங்கி வாடிக்கையாளருக்குப் பட்டிருக்கும் கடன் மட்டுமே என்ற உண்மையைச் சென்னை மக்கள் கசப்போடு கற்ற ஆண்டு 1906. அவ்வாண்டு அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி நொடித்தபோது, அதில் வைப்பு வைத்திருந்த ஆயிரக்கணக்கானோரிடம் எஞ்சியவை அந்த நிறுவனம் எழுதிக் கொடுத்த தாள்கள்தாம். அதன் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். அந்த வீழ்ச்சியின் எதிர்வினையாக, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் இந்தியன் வங்கி 1907 ஆகஸ்ட் 15 அன்று அலுவலைத் தொடங்கியது. ஆயினும் 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கியும், 1960-இல் பாலை சென்ட்ரல் வங்கியும் மூழ்கின. பின்னதன் விளைவாக 1962-இல் வைப்புத்தொகைக் காப்பீடு பிறந்தது. வங்கி நொடித்தால் ஒரு வாடிக்கையாளருக்கு உறுதியாகக் கிடைக்கும் தொகை தொடக்கத்தில் 1,500 ரூபாயாக இருந்து, 1993-இல் ஒரு லட்சமாகவும் 2020-இல் ஐந்து லட்சமாகவும் உயர்ந்தது. இன்றைய பாஸ்புக்கில் காப்பீட்டு வரம்பைக் குறிக்கும் சிறு அச்சு வரி, இத்தனை வீழ்ச்சிகளின் பின் வந்து சேர்ந்ததாகும்.

பாஸ்புக் நகல் என்றால், மூலம் வங்கியின் பேரேடு. வழக்கு வந்தால் அந்தக் கனத்த ஏடுகளை நீதிமன்றத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்த இடர்ப்பாட்டை 1891-இன் வங்கியர் ஏடுகள் சான்றுச் சட்டம் நீக்கியது; பேரேட்டுப் பதிவின் மெய்ப்படி என்று வங்கி அதிகாரி சான்றளித்த நகலே சாட்சியமாக ஏற்கப்படலாயிற்று. கணக்கு அறிக்கையில் இன்றும் முத்திரையும் கையொப்பமும் கேட்கப்படுவதன் வேர் இங்கே இருக்கிறது.

வாடிக்கையாளர் வங்கிக்குச் செல்லாமலே தம் பணத்தை வேறொருவருக்குக் கொடுக்க உதவுவது காசோலை. குறிப்பிட்ட தொகையை இன்னாருக்குக் கொடுக்குமாறு தம் வங்கிக்கு அவர் எழுதும் கட்டளை அது. 1881-இன் மாற்றுமுறை ஆவணச் சட்டம் அதற்கு இந்தியாவெங்கும் ஒரே இலக்கணத்தை வகுத்தது. காசோலையின் முகத்தில் இரண்டு இணைகோடுகளை இழுப்பது ‘கிராஸ்’ செய்வதாகும். அப்படிச் செய்த காசோலைக்குக் கவுன்டரில் ரொக்கம் கிடைக்காது, ஒரு வங்கியின் வழியாகவே வசூலாகும். தபாலிலோ ரயிலிலோ தொலைந்த காசோலையைக் கண்டெடுத்தவர் பணமாக்கிவிடாமல் தடுக்க, வெறும் இரண்டு பேனாக்கோடுகள் போதுமாயின.

கணினிக்கு முந்தைய வங்கிக்கிளையில் காசோலை கடந்த வழியும் குறிப்பிடத்தக்கது. கவுன்டரில் காசோலையைக் கொடுத்தவருக்கு எண் பொறித்த பித்தளை டோக்கன் கொடுக்கப்படும். எழுத்தர் உரிய பேரேட்டை எடுத்து, காசோலையில் குறித்துள்ள பேரேட்டுப் பக்க எண்ணைப் புரட்டி, இருப்பைப் பார்த்துப் பற்று எழுதுவார். அதிகாரி மாதிரிக் கையெழுத்து அட்டையோடு கையொப்பத்தை ஒப்பிட்டு ‘பாஸ்’ செய்வார். அதன் பிறகே காசாளர் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவார். பேரேடும் அட்டையும் அந்த ஒரு கிளையிலேயே இருந்ததால் கணக்கும் அக்கிளைக்கே கட்டுண்டு கிடந்தது; பாரிமுனைக் கிளையில் கணக்கு வைத்திருந்த தாம்பரத்துக்காரர் ரொக்கம் எடுக்கப் பாரிமுனைக்கே போக வேண்டியிருந்தது.

1969 ஜூலை 19 அன்று இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி உட்பட 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது நாடெங்கும் 8,262 கிளைகளே இருந்தன. 1991-இல் அவை 60,000-ஐக் கடந்திருந்தன. அந்தப் பெருக்கத்தில் வங்கி புறநகர் மக்களின் வாசலுக்கு வந்தது. ஆனால் வந்த கிளைக்கு அங்கே குடியேறியவர்களைத் தெரியாது. ஆகவே புதுக்கணக்குப் படிவத்தில், அதே கிளையில் ஏற்கெனவே கணக்குள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்திட வேண்டும் என்ற விதி முக்கியத்துவம் பெற்றது. தெற்கு மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து, மனை வாங்கியோ வாடகைக்கோ குடியேறியவர்கள், அலுவலக மேலாளரையோ வீட்டுக்காரரையோ இந்தக் கையெழுத்துக்காக நாட வேண்டியிருந்தது. 2002 முதல் ரிசர்வ் வங்கி வகுத்த ‘வாடிக்கையாளரை அறிக’ விதிகளும், 2005 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டமும் இந்த வழக்கத்தை மாற்றின. ஆள் அறிந்து சொன்ன சாட்சிக்குப் பதிலாக அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வந்தன. ஆதாரை வங்கிக் கணக்கோடு இணைப்பதைக் கட்டாயமாக்க முடியாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இந்த வரலாற்றின் ஒரு திருப்பமே.

வெவ்வேறு வங்கிகளின் காசோலைகள் ஒன்றுக்கொன்று ஈடுசெய்யப்படும் இடம் காசோலைத் தீர்வகம். 1980-களில் காந்த மை எழுத்தை இயந்திரம் படித்துப் பிரிக்கும் முறை அங்கே புகுந்தபோது, காசோலையின் அடியில் ஒரு வெண்பட்டை ஒதுக்கப்பட்டு, அதில் எதையும் எழுதவோ முத்திரையிடவோ கூடாது என்றாயிற்று. அப்பட்டையில் முதலில் வரும் ஆறு இலக்கம் காசோலையின் எண். அடுத்த ஒன்பது இலக்கங்களில் முதல் மூன்று நகரையும், நடு மூன்று வங்கியையும், கடை மூன்று கிளையையும் குறிக்கும். பாரத ஸ்டேட் வங்கிக்கு 002, இந்தியன் வங்கிக்கு 019, இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு 020. நகரக் குறியீடு அஞ்சல் குறியீட்டு எண்ணின் முதல் மூன்று இலக்கத்தைத் தழுவியது. மேற்குத் தாம்பரத்தின் 600045-க்கும் கிழக்குத் தாம்பரத்தின் 600059-க்கும் தலைப்பில் நிற்கும் அதே 600, இவ்வூர்க் கிளைகளின் காசோலைகளிலும் நிற்கிறது. தாம்பரம் 2021-இல் தனி மாநகராட்சியானது. சென்னை மாவட்டத்துக்கு வெளியே செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. ஆயினும் அஞ்சலும் காசோலையும் அதைச் சென்னையாகவே எண்ணின. 2011 செப்டம்பர் 24 முதல் சென்னையில் காசோலையின் தாளை அனுப்பாமல் அதன் படத்தை மட்டும் அனுப்பித் தீர்க்கும் முறை வந்தது; அதனால் தாளிலேயே நீரோட்டக் குறியும் புற ஊதா மையும் சேர்ந்தன.

நேரில் அறியாதவர் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, 1989 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு விடையளித்தது. அதுவரை உரிமையியல் வழக்காக இருந்தது குற்றமாயிற்று. வங்கி தரும் ‘ரிட்டர்ன் மெமோ’, வாங்கியவர் தொடக்கத்தில் 15 நாளுக்குள்ளும் 2003 முதல் 30 நாளுக்குள்ளும் அனுப்ப வேண்டிய அறிவிப்பு, கொடுத்தவருக்குப் பணம் செலுத்த 15 நாள் என்று ஒரு காலவரிசை எழுந்தது. தவணைக்கு மனையும் வீட்டுக் கடனும் பெருகிய காலத்தில், பின்தேதியிட்ட காசோலைகளைக் கட்டுக்கட்டாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த குடும்பங்களுக்கு இப்பிரிவின் கூர்மை நன்கு தெரியும்.

கிளையின் பேரேடு வங்கியின் மையக் கணினிக்கு மாறியதும் கணக்கு கிளையை விட்டு விடுபட்டது. பேரேட்டுப் பக்க எண்ணின் இடத்தில் பாரத ஸ்டேட் வங்கியில் 11 இலக்கமும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் 15 இலக்கமும் கொண்ட கணக்கு எண்கள் வந்தன. வங்கிகளுக்கிடையே மின்வழிப் பணம் அனுப்பக் கிளையைச் சுட்டும் 11 எழுத்துக் குறியீடு பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இடம்பெற்றது. அதில் முதல் நான்கு எழுத்து வங்கி, ஐந்தாவது சுழியம், மீதி ஆறும் கிளை. 2020-இல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு இணைந்தபின், முன்னதன் பாஸ்புக்குகளில் அச்சாகியிருந்த குறியீடு செல்லாததாகிப் புதியது வேண்டியதாயிற்று.

இறுதியாக நிற்பது, கணக்குக்கு உரியவர் இறந்தபின் பணம் யாரிடம் போகும் என்பது. 1983-இன் சட்டத்திருத்தமும் 1985-இன் விதிகளும் நியமன உரிமையைத் தந்தன. 2025 நவம்பர் 1 முதல் நால்வர் வரை நியமிக்கலாம். ஆனால் நியமிக்கப்பட்டவர் பணத்தை வங்கியிடமிருந்து பெறும் தகுதியுடையவரே தவிர, அதனாலேயே வாரிசு ஆகிவிடுவதில்லை என்பதை நீதிமன்றங்கள் தெளிவாக்கியுள்ளன. நியமனம் இல்லாமலும் வாரிசுகள் அறியாமலும் பத்தாண்டு அசையாமல் கிடக்கும் தொகை, 2014-இல் அமைந்த வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. எனினும் உரியவரோ வாரிசோ எப்போது கேட்டாலும் வங்கி தந்தாக வேண்டும். தஞ்சாவூர் வங்கிக் கணக்குக்கு இந்தியன் வங்கியும், தமிழ்நாடு வங்கிக் கணக்குக்கு இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும், மதுரா வங்கிக் கணக்குக்கு ஐசிஐசிஐ வங்கியும், லட்சுமி விலாஸ் வங்கிக் கணக்குக்கு டிபிஎஸ் வங்கியும் இன்று பொறுப்பு. பெயர்ப்பலகைகள் மறைந்த பின்னும், வாரிசு எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்லக்கூடியது கிளைப் பெயரும் கணக்கு எண்ணும் உள்ள பழைய பாஸ்புக்தான். நிரம்பிய புத்தகத்தைக் குப்பையில் எறியாத குடும்பமே இந்த வரலாற்றின் பயனைப் பெறுகிறது.