பொருள்நோக்குத் தருக்க நிரலாக்கத்தின் பயிற்சி நிரல்கள்

உண்மைகளையும் விதிகளையும் எழுதிவைத்து, அவற்றிலிருந்து விடையைக் கணினியே தேடிக் கண்டடையச் செய்வது தருக்க நிரலாக்கம். தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒரே பொருளுக்குள் பொதிந்துவைப்பது பொருள்நோக்கு முறை. இவ்விரண்டையும் இணைக்கும் மொழிகளைக் கற்பிப்பதற்கான சிறு நிரல்களில் பல, புரோலாக் மொழியின் பாடநூல்களில் நெடுங்காலம் புழங்கியவை.

பிரான்சின் மார்செய் நகரில் 1972ஆம் ஆண்டளவில் அலென் கொல்மெரோயரும் பிலிப் ரூசெலும் உருவாக்கிய புரோலாக்கில், தொடக்கத்தில் விதிகள் யாவும் ஒரே பொதுவெளியில் கிடந்தமையால், நிரல் பெரிதாகும்போது பெயர்கள் ஒன்றோடொன்று மோதின. 1983இல் எஹூத் ஷாபிரோவும் அகிகாசு தாகெயுச்சியும் கன்கரன்ட் புரோலாக்கில் பொருள்களை அமைக்கும் வழியைக் காட்டினர். ஜப்பானின் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்தில் ஈ.எஸ்.பி. என்னும் மொழி தோன்றியது. 1992இல் பிரான்சிஸ் மக்கேப் தருக்கமும் பொருள்களும் பற்றி நூலெழுதினார். போர்த்துகலைச் சேர்ந்த பாவ்லோ மௌரா உருவாக்கி 1998இல் வெளிவந்த லாக்டாக் மொழியோ தன்னுடன் பெருந்தொகையான எடுத்துக்காட்டு நிரல்களையும் கொண்டிருப்பதால், இத்துறையைக் கற்போர் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றனர்.

அவற்றுள் குடும்ப உறவு நிரல் தனிக் கவனத்துக்குரியது. பெற்றோர், ஆண், பெண் என்னும் உண்மைகளிலிருந்து உடன்பிறப்பு முதலிய உறவுகளை வருவிக்கும் விதிகள் ஒரே இடத்தில் எழுதப்பட, ஆடம்ஸ், சிம்ப்சன் ஆகிய கற்பனைக் குடும்பங்கள் தத்தம் உண்மைகளை மட்டும் ஏந்திய தனிப் பொருள்களாக நிற்கின்றன. இம்முறையில் மலேசியாவின் ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் வாழும் குடும்பத்தையும் மலாக்கா நகரக் குடும்பத்தையும் ஒன்றோடொன்று கலக்காமல் ஒரே விதித்தொகுப்பால் ஆராயலாம். ஆனால் அக்காளையும் தங்கையையும், பெரியப்பாவையும் சித்தப்பாவையும் பிரித்தறியப் பெற்றோர் பற்றிய உண்மை மட்டும் போதாது. பிறந்த ஆண்டும் வேண்டும். அதைப் பொதுவிதியில் ஒருமுறை சேர்த்துவிட்டால், ஒவ்வொரு குடும்பமும் தன் பிறப்பாண்டுகளைத் தந்தாலே போதும்.

தேடல் நிரல்கள் இன்னும் ஆழமானவை. உழவன் ஓநாயையும் ஆட்டையும் முட்டைக்கோசையும் ஆற்றைக் கடத்தும் புதிர், குடங்களால் நீரளக்கும் புதிர் போன்றவற்றில், புதிரின் நிலைகளும் அனுமதிக்கப்பட்ட நகர்வுகளும் ஒரு பொருளிலும், ஆழம் முதலாகவோ அகலம் முதலாகவோ தேடும் உத்தி வேறொரு பொருளிலும் வைக்கப்படுகின்றன. ஆகவே எந்தப் புதிரையும் எந்த உத்தியோடும் பொருத்திப் பார்க்க இயல்கிறது. ஹனோய் கோபுர நிரலும் தொகுப்பில் உண்டெனினும், அது விதி தன்னையே மீண்டும் அழைக்கும் தற்சுழற்சியை விளக்கும் அளவுக்குப் பொருள்களின் தேவையை விளக்குவதில்லை.

பறவைகளை இனங்காணும் நிரல், டென்னிஸ் மெரிட்டின் வல்லுநர் அமைப்பு நூலிலிருந்து தழுவப்பட்டது. வரிசை, குடும்பம், சிற்றினம் என்று கிளைக்கும் உயிரியல் வகைப்பாடு, முன்னோர் பொருளின் பண்பைப் பின்னோர் பொருள் பெறும் மரபுரிமைக்கு இயல்பாகவே இசைகிறது. செங்கல் அடுக்கு நிரலில் ஒரு செங்கல் நகர்த்தப்பட்டால், அந்நிகழ்வைக் கவனிக்கும் கண்காணிப்புப் பொருள் மேலிருக்கும் செங்கல்லையும் உடன் நகர்த்துகிறது. செங்கற்களின் வரையறையில் இதற்கெனத் தனி விதி எதுவும் எழுதப்படுவதில்லை.

லாக்டாக் நிரல்கள் புரோலாக்காக மாற்றப்பட்டே இயங்குவதால், எஸ்.டபிள்யு.ஐ., சிக்ஸ்டஸ், குனு முதலிய வெவ்வேறு புரோலாக் அமைப்புகளில் ஒரே விடை கிடைக்கிறதா என்று சரிபார்க்கும் சோதனைகளும் காலப்போக்கில் இவ்வெடுத்துக்காட்டுகளுடன் இணைக்கப்பட்டன.