ஊர்ப் பொதுச் சோலைகளும் நமது கடமையும்



ஓர் ஊரின் செல்வத்தை அளவிடப் புகுவோர் அதன் ஆலைகளையும் அங்காடிகளையும் எண்ணுவது வழக்கம். பனியன் தொழிலால் உலகெங்கும் பெயர் பெற்ற திருப்பூரை அவ்வாறு எண்ணினால் நமக்குப் பெருமிதமே உண்டாகும். ஆயின், வேலை முடிந்த மாலை வேளையில் முதியோர் அமர்ந்து இளைப்பாறவும் குழந்தைகள் ஓடியாடவும் நகரில் எத்துணை இடம் உளது என்று எண்ணின், அப்பெருமிதம் சற்றே குன்றும். அத்தகைய இடங்களைக் காப்பது மாநகராட்சியின் பொறுப்பு மாத்திரமே என்று நம்மிற் பலர் வாளாவிருக்கின்றனர். இவ்வெண்ணம் நமது நாட்டின் பழைய வழக்கத்திற்கு ஒத்ததன்று. அப்பழைய வழக்கத்தின் நிறையையும் குறையையும் சரித்திர வாயிலாக எடுத்துக் காட்டுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபையார் தமது ஊராட்சி முறையைக் கல்லில் பொறித்து வைத்தனர். ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடவோலை முறையால் தெரிந்தெடுக்கப்பட்டோரில் 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் அமர்ந்தனர். தோட்டங்களைப் பேணுதற்கென்றே தனியாக ஒரு வாரியம் இருந்தமை நாம் ஊன்றி நோக்கத்தக்கது. வாரியப் பெருமக்களின் பதவிக் காலம் 360 நாட்களே. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது ஒழிந்தவர்களும், அவர்தம் நெருங்கிய உறவினர்களும் மறுபடி அப்பதவிக்கு உரியவராகார். பதவி சுழன்று வரவேண்டும், பொதுப் பொருளுக்குக் கணக்கு இருத்தல் வேண்டும் என்னும் இரு விதிகளும் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே நம் நாட்டில் வழங்கின.

எனினும் உண்மையை மறைத்தல் சரித்திரத்திற்கு அழகன்று. அவ்வாரியங்களில் அமர்தற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டப்பட்டன. ஆதலின் உழுதோருக்கும் மண் சுமந்தோருக்கும் அங்கே இடமில்லை. பிற்காலத்துக் குடிமராமத்தும் இத்தகைய இருமுகம் உடையதே. ஏரியின் தூரெடுத்தலும், கரையைச் செப்பனிடுதலும், வாய்க்காலைத் துப்புரவு செய்தலும் குடிகளின் கூட்டுக் கடமையாக நெடுங்காலம் நடந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் அவ்வழக்கம் தளர, 1858ஆம் ஆண்டின் கட்டாய வேலைச் சட்டத்தால் அதனை வற்புறுத்த முயன்றனர். தம் உரிமையென்று கருதிச் செய்த பணி தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் பணியாக மாறியபின் அதில் ஊக்கம் நிலைப்பது எங்ஙனம்?

அன்றியும், யார் உழைப்பால் குளம் நிறைந்ததோ அவருட் பலர் அக்குளத்தின் துறையில் இறங்கத் தடை இருந்தது. 1924ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில் கொணர்ந்த தீர்மானமே பொது வீதிகளும் கிணறுகளும் குளங்களும் பொது இடங்களும் எல்லா வகுப்பாருக்கும் உரியன என்பதை நிலைநாட்டியது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு அதனை நாடு முழுமைக்கும் அடிப்படை உரிமையாக்கியது.

இனி நமது திருப்பூருக்கு வருவோம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றி நம் நகரினூடே செல்லும் நொய்யல், சாயக் கழிவால் கெட்ட வரலாறு யாவரும் அறிந்ததே. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்ட நாட்களில் இவ்வூர் அடைந்த துயரத்தை நம் குடும்பங்கள் மறந்திரா. பொது நீரையும் பொது நிலத்தையும் காவாது விட்டால் தொழிலும் நில்லாது என்பதே அந்நாட்கள் கற்பித்த பாடம்.

அத்தகைய ஊரிலேயே ஆறுதல் தரும் ஒரு வரலாறும் உண்டு. ஊத்துக்குளி வட்டத்தில் நல்லாற்றின் மழைவெள்ளத்தால் நிறையும் நஞ்சராயன் குளம், முன்னாளில் இப்பகுதியை ஆண்ட நஞ்சராயன் என்னும் அரசன் அதனைப் பழுது பார்த்தமையால் அப்பெயர் பெற்றது என்பர். 125.865 ஹெக்டேர் பரப்புள்ள இக்குளத்தில் 191 வகைப் பறவைகள் கணக்கெடுக்கப்பட்டுள்ளன. இது தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம் பெற்றது. அரசாங்கத்தின் வனத்துறையோடு சுற்றுவட்டாரத்து மக்களும் கைகோத்துக் காத்தமையே அதன் சிறப்பென்று அப்போது எடுத்துரைக்கப்பட்டது. மற்றும், 2015ஆம் ஆண்டில் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ என்னும் இயக்கத்தாரும் இலட்சக்கணக்கான மரக்கன்றுகளை நட்டுள்ளனர். பொருளீட்டுவதிலேயே காலங் கழிப்பவர்கள் என்று நம்மவரைக் குறை கூறுவோருக்கு இவையே தக்க விடையாகும்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கின்றது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்த வெளிகளையும் காத்தற்கென 1959ஆம் ஆண்டிலேயே நம் மாகாணத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பெங்களூரில் பூங்காவென்று ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு வழங்கியபொழுது அப்பகுதிவாசிகளே வழக்காடினர். 1991இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஏட்டில் உள்ள சட்டம் தானே எழுந்து வந்து வேலியைக் காவாது. அண்டை வீட்டார் விழித்திருந்தாலன்றி எந்தப் பூங்காவும் நிலையாது.

ஆகவே நமது சங்கத்தார் செய்யத்தக்கது யாதெனின், தத்தம் தெருவுக்கு அண்மையிலுள்ள பூங்காவையோ குளக்கரையையோ மாநகராட்சியின் அனுமதியோடு பேணும் குழுக்களில் சேர்தல் வேண்டும். அக்குழுவில் பெண்மக்களுக்கும் இளைஞருக்கும் இடம் இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் பொறுப்பாளர் மாறுதல் வேண்டும். வரவு செலவு அனைத்தும் பூங்கா வாயிலிலேயே யாவரும் படிக்க எழுதி வைக்கப்பெறல் வேண்டும்.

இவற்றினும் முக்கியமான ஒன்றுண்டு. நாம் ஒரு குலத்தாரின் சங்கமாகக் கூடியிருக்கிறோம். பொதுச் சோலையோ ஒரு குலத்தாரது அன்று. அதன் வாயிலில் நமது சங்கத்தின் பெயர்ப் பலகையை நாட்டுவோமாயின், அடுத்த தெருவார் அதனைத் தமதன்றென்று கருதுவர். அன்றே அதன் காவல் பாதியாய்க் குறையும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஆலைகளில் உழைக்கும் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை மாலையில் தன் குழந்தையோடு அம்மரத்தடியில் அச்சமின்றி அமர்தல் வேண்டும். உத்திரமேரூர்ச் சபையார் கணக்கைத் திறந்து வைத்தனர், கதவைத் திறந்திலர். நாம் இரண்டையும் திறந்து வைப்போமாக. அங்ஙனம் செய்யின், நமது சங்கத்தின் பெயர் பலகையில் இல்லாவிடினும் ஊரார் நெஞ்சில் நிலைக்கும் என்பது திண்ணம்.