உத்ரெக்ட்: தெருவுக்கு அடியில் ஒரு கடைசி மைல்

இணையத்தில் வாங்கும் ஒரு பொருள் கடல் கடந்துகூட வந்துவிடும். ஆனால் கிடங்கிலிருந்து வாசல் வரையுள்ள கடைசித் தூரத்தில்தான் செலவு கூடும். வணிகவியலில் இதைக் 'கடைசி மைல்' என்பார்கள். தெருக்கள் குறுகலான பழைய நகரங்களில் இந்தத் தலைவலி இரு மடங்கு.

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரம் இதற்கு எப்போதோ மருந்து கண்டுபிடித்தது, நடுவில் அதை மறந்தது, பிறகு மீண்டும் தேடி எடுத்தது. அந்தக் கதையைப் பார்ப்போம்.

உத்ரெக்ட் 1122 இல் நகர உரிமை பெற்றது. அதே காலத்தில் அங்கு வந்த ரைன் ஆற்றுக் கிளை அணை கட்டி மறிக்கப்படவே, வணிகர்களின் படகுகளுக்காகக் கால்வாய் வெட்டினார்கள். கால்வாயின் நீர்மட்டம் தெருவைவிடப் பல அடி தாழ்வு. எனவே நீரை ஒட்டி ஒரு படித்துறை அமைத்தார்கள். அங்கிருந்து தெருவுக்கு அடியிலேயே குடைந்து, கரையோர வீடுகளின் நிலவறைகள் வரை செங்கல் வளைவு அறைகள் கட்டினார்கள். படகில் வந்த சரக்கு தெருவைத் தொடாமலே கடைக்குள் போய்விடும்! மேலே மக்கள் நடக்க, கீழே வியாபாரம் நடந்தது.

பிறகு காலம் மாறியது. 1892 இல் திறக்கப்பட்ட மெர்வேட கால்வாய், பெரிய கப்பல்களை நகருக்கு வெளியே கொண்டுபோனது. இருபதாம் நூற்றாண்டில் லாரி வந்தது. 1970களில் நகரைச் சுற்றியிருந்த அகழியின் ஒரு பகுதியையே தூர்த்து, அதில் அகலச் சாலை போட்டார்கள். அன்று அதற்குப் பெயர் முன்னேற்றம்.

ஆனால் லாரி ஓடிய தெரு வெறும் தெரு அல்ல, பழைய அறைகளின் கூரை. பாரமும் அதிர்வும் செங்கல் வளைவுகளைச் சேதப்படுத்தின. இங்கேதான் ஒரு கணக்குப் பாடம் இருக்கிறது. லாரி வாடகை மலிவாகத் தெரிந்ததற்குக் காரணம், அறைகளையும் கரைச்சுவரையும் பழுதுபார்க்கும் செலவு அந்த ரசீதில் வராததுதான். அது நகராட்சியின் கணக்கில், அதாவது மக்களின் தலையில் விழுந்தது.

1996 இல் நகராட்சியே ஒரு படகை இறக்கியது. 'பீர் படகு' என்று பெயர். கரையோர உணவகங்களுக்குப் பீர் பீப்பாய்களையும் உணவுப் பொருட்களையும் கொண்டுபோய், படகிலுள்ள பாரந்தூக்கியால் படித்துறையில் இறக்கியது. 2010 இல் மின்சாரப் படகும் வந்தது. இதற்கிடையே 2009 இல் 'கார்கோஹாப்பர்' என்ற மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. பொம்மை ரயில் போல இழுவைப் பெட்டிகளோடு, கூரையில் சூரிய ஒளித் தகடுகளோடு, சுமார் 1.25 மீட்டர் அகலத்தில் சந்துகளுக்குள் நுழைந்து பார்சல்களைக் கொடுத்தது.

எல்லா ஊரிலும் இப்படிக் கைகூடவில்லை. பக்கத்திலுள்ள ஆம்ஸ்டர்டாமில் டிராம் தண்டவாளத்தில் சரக்கு ஏற்றும் சோதனை 2007 இல் நடந்தது. அதை நடத்திய 'சிட்டி கார்கோ' நிறுவனம் முதலீடு கிடைக்காமல் 2009 இல் திவாலானது. யோசனை நன்றாக இருந்தால் மட்டும் போதாது, முதல் செலவை யார் ஏற்பது என்பதும் முடிவாக வேண்டும். உத்ரெக்ட்டில் படகை வாங்கியது நகராட்சி. நீர்வழியையும் அறைகளையும் முன்னோர் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார்கள்.

2020 இல், தூர்க்கப்பட்ட அகழியில் மீண்டும் நீர் நிறைந்து வட்டம் முழுமையானது. 2025 ஜனவரி முதல் நகர மையத்தில் புகை கக்கும் சரக்கு வண்டிகளைப் படிப்படியாக விலக்கும் விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது.

ஆக, பழைய நகரத்தின் குறுகல் தெருவை ஒரு குறையாகவே பார்க்க வேண்டியதில்லை. வண்டிக்கு ஏற்றபடி ஊரை இடிப்பதா, ஊருக்கு ஏற்ற வண்டியைச் செய்வதா என்பதே கேள்வி. பழுதுச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், எது மலிவு என்பது தெரிந்துவிடும்.